குறை சொல்லி வாங்கிய ஊத்

1

2025 பெப்ரவரி 8, சனிக்கிழமை, முற்பகல் 11.20. வெப்பநிலை மறை 9 பாகை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே; காற்றையும் சேர்த்தால் மறை 16. இரவு கொட்டிய பனியை வீதியில் வழித்திருந்தார்கள், நடைபாதையில் வழிக்கவில்லை. நானும் மனைவி புவனாவும் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்று 906ஆம் இலக்க வீட்டின் மணியை அழுத்தினோம். பழைய வாத்தியம் ஒன்றை விலைபேச வந்திருந்தோம்.

அது என்ன 11.20 என்று கேட்பீர்கள். ஊரில் சனிக்கிழமை இராகு காலம் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிந்துவிடும். இங்கே மாரியில் சூரியன் ஏழரை மணிக்குத்தான் எழும்புகிறது. அதற்கேற்றபடி கணக்குப் பார்த்தால் இராகு காலம் பதினொன்றேகால்வரை நீள்கிறது. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கு என்று வந்தால் சரியாகப் போட வேண்டும். புவனாவுக்கு நம்பிக்கை உண்டு, கணக்கு வராது. ஆகவே எங்கள் வீட்டில் இராகு காலம் பார்ப்பவன் நான்தான்.

வாத்தியத்தின் பெயர் ஊத். அரபு நாட்டவர்களுடையது. பாதியாகப் பிளந்த பேரிக்காய் போன்ற பெரிய குடம், கட்டையான கழுத்து, பின்னால் மடங்கிக் கிடக்கும் தலை. பதினொரு நரம்புகள். வீணையில் சுரத்துக்கு இடம் காட்டும் பித்தளைக் கட்டைகள் உண்டே, அந்த மெட்டுகள் இதில் கிடையா. மகன் சுதன் கைத்தொலைபேசியில் விளம்பரப் படத்தைக் காட்டியபோது நான் முதலில் சொன்னது இதுதான்: "மெட்டெல்லாம் கழண்டு விழுந்துபோச்சு. உந்தச் சாமானை வாங்கி என்ன செய்யிறது? புதுசா மெழுகு வைச்சு மெட்டுப் பதிக்க விலையிலும் கூடச் செலவு வரும்."

புவனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இஞ்சாருங்கோ, மெட்டு இல்லாததுக்காகத்தானே நான் உந்தச் சாமானைக் கேக்கிறன்."

2

புவனா வீணை வாசிப்பவள். மல்வேர்னில் எங்கள் வீட்டின் நிலக்கீழ் அறையில் பதினேழு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்தாள். நான்கு வருடத்துக்கு முன்னர் இடது கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. குடும்ப வைத்தியர் விசேட வைத்தியருக்கு எழுதினார். விசேட வைத்தியரைக் காண எட்டு மாதம் காத்திருந்தோம். அவர் படிவம் ஒன்றைத் தந்து, உங்கள் வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் குறியுங்கள் என்றார். புவனா அதை என்னிடம் தந்து, "வாசிக்கேக்கை பத்து, வாசிக்காட்டில் பதினொண்டு. எங்க போடுறது?" என்று கேட்டாள். நான் பத்தில் புள்ளடி போட்டேன்.

வீணையில் கமகம் வேண்டுமென்றால் கம்பியை மெட்டின்மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அந்த இழுவைக்கு அவள் விரலில் பலம் இல்லாமற் போய்விட்டது. வீணையை உறைக்குள் போட்டு அலுமாரிக்குப் பின்னால் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் றேடியோ மட்டும்தான்.

சென்ற கார்த்திகையில் வெக்ஸ்போர்ட்டில் ஓர் அரபுக் கடைக்குப் பேரீச்சம்பழம் வாங்கப் போனோம். கல்லாவுக்குப் பின்னால் ஒருவர் இப்படியொரு ஊத்தை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். நான் விலைகளை ஒப்பிட்டுக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் புவனாவைக் காணவில்லை. அவள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் போய், அந்த மனிதரிடம் கேட்டு, ஒரு நரம்பில் தன் வீங்கிய விரலை வைத்துக்கொண்டிருந்தாள். வழி நெடுக அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னாள்: "உதில இழுக்கத் தேவையில்லையப்பா. விரலை வழுக்கிக்கொண்டு போனால் காணும். கமகம் தானா வருது."

சுதன் அஜக்ஸில் இருக்கிறான். விசயத்தைச் சொன்னதும், "அப்பா, ஏன் வீணா ட்றவுள்? ஒன்லைன்ல பிறாண்ட் நியூ இருக்கு" என்று அன்றிரவே இருநூற்றெண்பது டொலருக்கு ஒன்றை ஓடர் பண்ணிவிட்டான். பெட்டி வந்தது. பார்க்க மினுக்கமாக இருந்தது. ஆனால் நரம்புகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் நின்றன. புவனா இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்துவிட்டு விரலை உதறினாள். திருப்பி அனுப்புவதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு கடவுச்சொல், ஒட்டும் தாளை அச்சடிக்க நூலகத்துக்கு ஒரு நடை. காரணம் என்ற இடத்தில் அவர்கள் தந்திருந்த ஆறு காரணங்களில் எங்கள் காரணம் இல்லை.

அதன் பின்னர்தான் இந்தப் பழைய ஊத்தின் விளம்பரம் வந்தது. பக்தாத்தில் செய்தது, ஆயிரத்து நானூறு டொலர் என்று போட்டிருந்தது. புவனா என்னிடம் சொன்னாள்: "இதுதான் கடைசி. இதுவும் சரிவராட்டில் இனி என்னை உந்தக் கதைக்குக் கூப்பிடாதேங்கோ. வீணையையும் ஆருக்கும் குடுத்துவிடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போவதாகச் சுதன் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் பார்க்க வருகிறாராம். ஆகவே சனிக்கிழமையே இரண்டு பேருந்து மாறிப் போனோம்.

3

நான் ஊரில் நில அளவையாளனாக இருந்தவன். இங்கே வந்து பதினைந்து வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கும் வேலை செய்தேன். சுருங்கச் சொன்னால், குறை கண்டுபிடிப்பதற்கு மணித்தியாலக் கூலி வாங்கியவன். இந்தப் பயணத்துக்காக மூன்று வாரம் நூலகத்தில் இருந்து படித்துத் தயாரானேன். கைப்பையில் ஓர் எஃகு அடிமட்டம், சிறிய டோர்ச், முகச்சவர மேசைக் கண்ணாடியின் சிறு துண்டு, ஐந்து பத்துச்சத நாணயங்கள்.

கதவைத் திறந்தவர் திருமதி சல்வா. புவனாவின் வயது இருக்கும். கறுப்புக் கம்பளிச் சட்டை, வெள்ளைத் தலைமயிர் இறுக்கக் கட்டியிருந்தது. ஊத் அவருடைய கணவருடையது. அவர் இறந்து இரண்டு வருடம். சித்திரையில் சல்வா கல்கரியில் மகள் வீட்டுக்குப் போகிறார், அங்கே அவருக்கு ஓர் அறைதானாம். நாங்கள் மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அவருடையது அரபிச் சாயல் உள்ள ஆங்கிலம், எங்களுடையது யாழ்ப்பாணத்து ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

நுழையுமுன்பே மின்தூக்கியில் புவனாவை எச்சரித்திருந்தேன்: "நீர் தொடக்கூடாது. முகத்தில விருப்பத்தைக் காட்டவும் கூடாது. காட்டினீரோ, விலை ஒரு சதம் இறங்காது." அவள் கதிரையின் நுனியில் இரு கைகளையும் மடியில் பொத்திக்கொண்டு இருந்தாள்.

நான் வேலையைத் தொடங்கினேன். முதலில் தலைப்பக்கத்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நெடுகப் பார்த்தேன். காணி எல்லையில் கோல் நட்டு நேர் பார்ப்பதுபோலத்தான். நரம்புகளின் இழுவையில் பழைய ஊத்களின் கழுத்து முன்னால் வளைந்துவிடும் என்று படித்திருந்தேன். இது வளையவில்லை. அடுத்து, கழுத்து குடத்தோடு சேரும் இடத்தில் நரம்புக்குக் கீழே பத்துச்சத நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினேன். திருப்பி அனுப்பிய புதியதில் நான்கு போயிருந்தன. இதில் இரண்டு போயின; மூன்றாவது நரம்பைத் தொட்டது. வீங்கிய விரலுக்குச் சரியான உயரம். புவனாவின் பக்கம் திரும்பவில்லை.

முகப்பலகைக்குக் குறுக்கே அடிமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தேன். நரம்புகளைக் கட்டியிருக்கும் குதிரைக்கட்டைக்கு முன்னால் மயிரிழை போல வெளிச்சம். அவ்வளவு பள்ளம் இந்த வயதுக்கு இருக்கலாம். விரல் முட்டியால் எல்லா இடமும் தட்டினேன். உள்ளே ஏதாவது சட்டம் கழன்றிருந்தால் அதிரும். அதிரவில்லை. பெரிய ஒலித்துளையின் இடப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு, பசை போட்டு ஒட்டியது. துளைக்குள் டோர்ச்சைப் பிடித்துக் கண்ணாடித் துண்டால் உள்ளே பார்த்தேன். கவிழ்த்துக் குடத்தைப் பார்த்தேன். கறுப்பும் வெளிறலுமாக மாறிமாறி ஒட்டிய மரக்கீற்றுகள், மொத்தம் இருபத்தொன்று. எங்கள் வீணையில் ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைதான் உசத்தி. ஒட்டு என்றால் ஒரு படி கீழே. இங்கே ஒட்டுத்தான் வேலைத்திறன். அதை மனதில் ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரப் படிப்புத் தேவைப்பட்டது.

சல்வாவைக்கொண்டு சுருதி கூட்டுவித்து, அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பப் பார்த்தேன். நரம்பை முறுக்கும் பதினொரு பிரடைகளில் ஒன்று மட்டும் வழுகியிருந்தது. அந்த நேரத்தில் அவர் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் தேநீர் தந்தார். நல்ல இனிப்பு. எனக்குச் சீனி வருத்தம். சொல்லவில்லை, குடித்தேன்.

4

இனி நான் செய்தது ஊருக்குச் சாதாரணம். உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். சாவகச்சேரிச் சந்தையில் என் தகப்பனார் பலாப்பழம் வாங்கும்போது, பிடிக்காத பழத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பிடித்த பழத்துக்கு முன்னால்தான் நின்று, "என்ன மோனை, உள்ளுக்கு முழுக்கச் சக்கையோ? காம்பும் வாடிக் கிடக்கு" என்பார். விற்பவனும், "வேண்டாட்டில் வைச்சிட்டுப் போங்கோ வாத்தியார்" என்று சிரிப்பான். இருவருக்கும் தெரியும், பழம் விலைப்பட்டுவிட்டது என்று. எங்களில் குறை சொல்வதென்பது அச்சவாரம் கொடுப்பது மாதிரி.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "பிரடை ஒன்று நிற்கவில்லை."

"ஆம், அதற்குக் கொஞ்சம் கரும்பலகைச் சோக்குத் தூள் பூச வேண்டும்" என்றார் சல்வா.

"முகப்பலகை இங்கே தேய்ந்துபோய்விட்டது."

"வாசித்தால் தேயும்."

"உள்ளே ஒட்டியிருக்கும் செய்தவர் பெயர்த்தாள். அதை யாரும் அச்சடித்து ஒட்டலாம். சந்தையில் அரைவாசி பொய்த்தாள் என்று படித்தேன்."

அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். தொழிற்சாலையில் பழகிய கண் எனக்கு. அந்தக் குவளையைக் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

"வெடிப்புத்தான் பெரிய பழுது. ஒட்டியவர் வேலை தெரியாதவர். பசை வெளியே வழிந்து காய்ந்திருக்கிறது."

"ஒட்டியவர் என் கணவர்" என்றார் சல்வா. "பல் வைத்தியர்."

நான் புவனாவின் பக்கம் திரும்பித் தமிழில், "அதுதான் பல்லுக்கு அடைக்கிற சீமெந்து மாதிரிக் கிடக்கு" என்றேன். புவனா என் தொடையில் கிள்ளினாள். சல்வாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. என் வாய் போன கோணலும் அந்தக் கிள்ளலும் நன்றாக விளங்கின. குற்றம் சொல்கிற முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

அவர் எழுந்து வந்து என் மடியிலிருந்து ஊத்தை எடுத்தார். பெட்டிக்குள் வைத்தார். இரண்டு கொளுவிகளையும் பூட்டினார். "பனியில் வந்திருக்கிறீர்கள், நன்றி. தேநீரைக் குடித்துவிட்டுப் போங்கள். நாளைக்கு ஒருவர் வருகிறார், அவருக்குக் கொடுப்பேன்."

"நான் விலையே இன்னும் சொல்லவில்லையே" என்றேன்.

"உங்களுக்கு இதற்கு விலை இல்லை."

நான் இருந்தபடியே இருந்தேன். தகப்பனார் படிப்பித்தது இந்த இடத்தோடு முடிந்துவிட்டது. பலாப்பழக்காரன் ஒருநாளும் பழத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதில்லை. பக்கத்தில் புவனா எழும்பிக் குளிர்ச்சட்டையின் பொத்தான்களைப் போடத் தொடங்கினாள். அந்த விரல்களுக்கு ஒரு பொத்தான் போட நேரம் எடுக்கும். மூன்றாவது பொத்தானில் நிறுத்தினாள்.

5

"மடம்," என்றாள் புவனா சல்வாவிடம், "இவருக்குப் பிடிக்காத சாமான் என்றால் வாயே திறக்கமாட்டார். பிடித்தால்தான் குறை சொல்வார். எங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான்."

சல்வா நம்பாமல் பார்த்தார்.

"என்னைப் பெண் பார்க்க வந்த நாளில், இவருடைய மாமி பல்லுக் கொஞ்சம் மிதப்பு என்றார். நிறம் காணாது என்றார். வீணை வாசிக்கிற பிள்ளை, சமைக்குமோ தெரியாது என்றார். ஒன்றரை மணித்தியாலம் குறை சொன்னார்கள். இப்போது நாற்பத்தெட்டு வருடம் மடம். இன்னும் திருப்பி அனுப்பவில்லை."

சல்வா புவனாவின் வாயையே உற்றுப் பார்த்தார். "பல் மிதப்பா? என் கணவர் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் சரிப்பண்ணியிருப்பார்" என்றார். பிறகுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார். பெட்டியைத் திறக்கவில்லை.

"அது உங்கள் வழக்கம். சரி. இது என் வீடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நான்கு குறை சொன்னீர்கள். நான்கு நல்லது சொல்லுங்கள். பொய் சொன்னால் எனக்குத் தெரியும்."

வாசகர்களே, எனக்கு எழுபத்தாறு வயது. சோதனை மண்டபத்தில் இருந்ததுபோல வியர்த்தது.

"குடத்தின் கீற்றுகள்" என்று தொடங்கினேன். "இருபத்தொன்று. நடுவில் விரலளவு அகலம், அடியில் வரவர மெலிந்து எல்லாம் ஒரே புள்ளியில் சேர்கின்றன. ஒன்றாவது கோணவில்லை. இணைப்பில் நகம் செருகப் பார்த்தேன், போகவில்லை."

"ஒன்று."

"உள்ளே இருக்கும் சட்டங்கள். நுனிகளைச் சீவி அரத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருக்கிறார். யாரும் பார்க்கப்போகாத இடம். பெயர்த்தாள் பொய்யாக இருந்தாலும் அந்த வேலை பொய் இல்லை."

"இரண்டு."

"கழுத்து நேராக இருக்கிறது. நரம்பு உயரமில்லை. மனைவியின் விரலுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இடத்தில் கிடைக்காது." இதைச் சொல்லி முடித்ததும், மின்தூக்கியில் நான் போட்ட சட்டத்தை நானே உடைத்துவிட்டேன் என்று விளங்கியது. புவனா தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பை அடக்க.

"மூன்று" என்றார் சல்வா.

நாலாவது இருந்தது. உள்ளே கண்ணாடியில் பார்த்தபோதே கண்டிருந்தேன். விலை ஏறிவிடும் என்று விழுங்கியிருந்தேன். "வெடிப்பு" என்றேன். "வெளியே பசை வழிந்திருப்பது உண்மை. ஆனால் உள்பக்கத்தில் வெடிப்புக்குக் குறுக்கே மூன்று சின்ன மரத்துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. நெல்லுமணியிலும் கொஞ்சம் பெரிசு. அதனால்தான் வெடிப்பு இத்தனை வருடமும் ஓர் அங்குலம்கூட ஓடவில்லை. முகப்பலகையைக் கழற்றாமல், அந்தத் துளை வழியாகக் கையை விட்டு ஒட்டியிருக்கிறார். வாய்க்குள் கண்ணாடி பிடித்து வேலை செய்து பழகிய ஆளால்தான் அது முடியும்."

சல்வா கதிரையில் நிமிர்ந்தார். "அந்தத் துண்டுகள் எனக்குத் தெரியாது" என்றார். டோர்ச்சையும் கண்ணாடியையும் கேட்டார். பெட்டியைத் திறந்து, ஊத்தைச் சன்னலோரம் கொண்டுபோய், நான் காட்டியபடி பிடித்துப் பார்த்தார். மூன்றையும் எண்ணினார், அரபியில்.

பிறகு ஊத்தைப் புவனாவிடம் கொடுத்தார். என்னிடம் அல்ல.

புவனா கதிரையை விட்டுக் கம்பளத்தில் சப்பணம் கட்டி இருந்தாள். சல்வா நீட்டிய கொம்பு மீட்டியை வேண்டாம் என்று நகத்தாலேயே மீட்டினாள். முதல் இரண்டு சுரமும் இடம் தப்பின. மெட்டு இல்லாத கழுத்தில் சுரத்தின் இடத்தைக் காதுதான் தேட வேண்டும். மூன்றாம் முறை நடுவிரலை அழுத்தி, மெதுவாக மேலே வழுக்கிக்கொண்டு போனாள். சரளி வரிசைதான், மாயாமாளவகௌளை, அவளுடைய மாணவர்கள் முதல்நாள் வாசிப்பது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன். உதறவில்லை. ஏறினாள், இறங்கினாள், பிறகு கேட்காமலே இன்னொரு காலம் கூட்டி வாசித்தாள்.

"அது எங்களுடையது" என்றார் சல்வா. "ஹிஜாஸ்கார் ராகம்."

"இல்லை மடம், எங்களுடையது. எங்கள் சின்னப்பிள்ளைகள் வாசிப்பது."

"எங்கள் பெரியவர்களே வாசிப்பார்கள்."

இருவரும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

நான் கடைசியாக ஒரு முயற்சி செய்தேன். புகழ்ந்த வாயால் விலை குறைக்கக் கேட்பது கடினம். ஆகவே கேட்காமல், சட்டைப் பையிலிருந்து கடித உறையை எடுத்து, "ஆயிரத்து நூற்றைம்பதுதான் கையில் இருக்கிறது" என்றேன். ஊரில் இதுவும் சாதாரணம்.

புவனா நரம்பில் இருந்து கையை எடுக்காமல், சல்வாவுக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள்: "மிச்சம் உள்பையில் இருக்கிறது."

6

ஊத் வீட்டுக்கு வந்து இன்றைக்கு ஐந்து வாரம். இந்த நாட்டில் மாரியில் வீட்டைச் சூடாக்கும் காற்று மரத்தை உலர்த்திப் பிளந்துவிடும் என்பதால், அறையில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வைத்துக் காலையும் மாலையும் பார்க்கிறேன். வழுகிய பிரடைக்குச் சோக்குத் தூள் பூசினேன், நிற்கிறது. புவனா காலையில் இருபது நிமிடம், விரல் விட்டால் இன்னும் பத்து. நேற்று பைரவியைத் தொட்டாள். சில இடம் கர்ணகடூரம். சொன்னேன். "உங்களுக்குப் பிடிச்சிருக்கு எண்டு விளங்குது" என்றாள். இனி இந்த வீட்டில் எனக்குக் குறை சொல்லவும் வழியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சுதன் அஜக்ஸிலிருந்து வந்தான். சப்பாத்தோடு நடையில் நின்று கொஞ்ச நேரம் கேட்டான். கடைசியாகத் தாய் வாசித்ததைக் கேட்டபோது அவனுக்கு நரையில்லை. உள்ளே வந்து, "சவுண்ட் நல்லா இருக்கு அம்மா, லைக், றியலி நல்லா இருக்கு" என்றான். பிறகு என்னிடம் குனிந்து கேட்டான்: "அப்பா, ஹொனெஸ்ட்லி சொல்லுங்கோ. ஃபோர்ட்டீன் ஹன்ட்றட் கேட்டவ. நீங்கள் எவ்வளவுக்கு இறக்கினீங்கள்?"

நான் ஈரப்பதக் கருவியைப் பார்க்கப் போனேன்.

"இறக்கினவரோ?" என்றாள் புவனா, நரம்பைத் தடவிக்கொண்டு. "முழுக்காசும் குடுத்தாப் பிறகு நான்தான் சொன்னனான், நல்ல காரியத்துக்கு வாங்கிறதை மொட்டைத் தொகையில வாங்கக்கூடாது, மேல ஒண்டு வையுங்கோ எண்டு. அந்த மனுசி காசைத் திருப்பித் திருப்பிப் பாக்குது, இப்பிடியும் ஒரு பேரமோ எண்டு. இவர் அதையும் மேசையில வைச்சிட்டு வந்தவர்."

சுதன் என்னைப் பார்த்தான். மறைத்துப் பயனில்லை. ஆயிரத்து நானூற்று ஒரு டொலர்.